பேண்டுக்கு மிக்சர் வாங்குகிறீர்களா? முதலில் ஆக்ஸை எண்ணுங்கள்

புதிதாக பேண்ட் ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எட்டு சேனல் போதுமா, பன்னிரண்டா வாங்கிடலாமா?" நான் பதிலுக்கு வேறொன்றைக் கேட்பேன். "மேடையில எத்தனை பேருக்குத் தனித்தனி மானிட்டர் வேணும்?" இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி மிக்சரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. மீதிப் பாதிதான் சேனல், எஃபெக்ட், வைஃபை எல்லாம். மிக்சர் என்பது எல்லா மைக், கருவிகளின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. மானிட்டர் என்பது வாசிப்பவர் தம்மைத் தாமே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர். அதற்கென்று தனிக் கலவையை மிக்சரிலிருந்து அனுப்பும் வழிதான் ஆக்ஸ்.

நான் பேஸ் கிடார் வாசிப்பவன். எங்கள் பேண்டில் ஐந்து பேர்: ஒரு பாடகி, அகூஸ்டிக் கிடார் வாசித்துக்கொண்டே பாடும் ஒருவர், கீபோர்ட், டிரம்ஸ், நான். தனியாக சவுண்ட் இன்ஜினியர் கிடையாது. மிக்சர் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். வாசித்துக்கொண்டே அதையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஆகவே நான் சொல்லப்போவது சின்ன ஹாலில், தன் சவுண்டைத் தானே பார்த்துக்கொள்ளும் பேண்டுக்கானது. பெரிய அரங்கில் தனி ஆள் உட்கார்ந்து மிக்ஸ் செய்யும் இடத்துக்கு வேறு கணக்கு.

முதலில் மிக்சரின் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிடுவோம். 12 என்று போட்டிருந்தால் பன்னிரண்டு மைக் செருகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் ஸ்டீரியோ சேனலை இரண்டாக எண்ணியோ, மைக் செருக முடியாத லைன் இன்புட்டுகளைச் சேர்த்தோதான் அந்தப் பன்னிரண்டு வருகிறது. மேக்கி 1202 விஎல்இசட்4-இல் மைக் ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் சிக்னலைப் பெருக்கும் பகுதி, 4 தான். பெரிங்கர் எக்ஸ்ஆர் 12-இலும் 4. யமஹா எம்ஜி12எக்ஸ்யூவில் 6. அதே யமஹாவின் எம்ஜி16எக்ஸ்யூவுக்குப் போனால் 10 கிடைக்கும். இன்னும் விசேஷம் பெரிங்கரின் எக்ஸ்ஆர் 16, எக்ஸ்ஆர் 18 இரண்டும். பெயரில் வித்தியாசம் வெறும் இரண்டு. ஆனால் முன்னதில் 8 ப்ரீஆம்ப், பின்னதில் 16. அப்படியே இரட்டிப்பு. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் விவரப் பட்டியலில் "மைக் ப்ரீஆம்ப்" என்ற வரியைத் தேடிப் படியுங்கள். "சேனல்", "இன்புட்" என்ற வரிகளை அப்புறம் பார்க்கலாம்.

ப்ரீஆம்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மைக்கிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு சின்னது. எல்லா மேடையிலும் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 94 டெசிபல் ஒலிக்கு அது தருவது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. மிக்சருக்குள் வேலை நடக்கும் லைன் லெவல் என்பது சுமார் 1.23 வோல்ட். அதாவது அறுநூறு மடங்குக்கு மேல் பெருக்கினால்தான் அது இதற்குச் சமமாகும். அந்த வேலையைச் செய்வது ப்ரீஆம்ப். கீபோர்டும் ஃபோனும் நேராக லைன் இன்புட்டில் போகலாம். மைக் போக முடியாது. டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் லெவலுக்கு மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டி) வழியாக வரும் கிடாரும் பேஸும்கூட மைக் லெவலில்தான் வரும், அதனால் அவையும் ப்ரீஆம்ப் கேட்கும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் கணக்கு இப்படி. பாடும் மைக் மூன்று, ஏனென்றால் டிரம்மரும் கோரஸ் பாடுவார். கிக் டிரம்முக்கு ஒன்று, டிரம்ஸுக்கு மேலே பொதுவாக ஒன்று. அகூஸ்டிக் கிடாருக்கு டிஐ, பேஸுக்கு டிஐ. ஏழு ப்ரீஆம்ப் ஆயிற்று. கீபோர்ட் மிக்சருக்குப் பக்கத்தில் இருந்தால் ஸ்டீரியோ லைன் போதும். மேடையின் அந்தப் பக்கம் இருந்தால் நீளமான அன்பேலன்ஸ்டு கேபிள் இரைச்சலை இழுத்துக்கொண்டு வரும், அப்போது இரண்டு டிஐ போட வேண்டும். ஒன்பது. இடைவேளையில் பாட்டு போட, பின்னணி ட்ராக் ஓட்ட ஒரு ஸ்டீரியோ லைன். யாராவது விருந்தாளி வந்து பாடினால் இன்னொரு மைக். ஐந்தே பேர் கொண்ட பேண்ட், பத்து ப்ரீஆம்ப் வரை வந்துவிட்டது. உங்கள் பேண்டுக்கும் இதேபோல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆளை எண்ணாமல் கேபிளை எண்ணுங்கள்.

சரி, இது உள்ளே வருவதன் கணக்கு. என் மனசுக்கு நெருக்கமானது வெளியே போவதன் கணக்கு.

எங்களிடம் முன்பு இருந்தது ஒரே ஒரு மானிட்டர் மிக்ஸ் தரும் அனலாக் மிக்சர். மேடையில் இருந்த எல்லா மானிட்டர் ஸ்பீக்கரிலும் ஒரே கலவைதான் வரும். பாடகிக்குத் தன் குரல் அதிகம் வேண்டும். கீபோர்ட் வாசிப்பவருக்குக் கீபோர்ட் கேட்க வேண்டும். டிரம்மருக்கு பேஸும் பாட்டும் வேண்டும். ஒருவருக்காக ஏற்றினால் இன்னொருவருக்குத் தொந்தரவு. "எனக்கு நான் கேட்கவே இல்லை" என்று பாடகி சொல்வார். ஏற்றினால் மானிட்டர் ஊளையிடும். நிகழ்ச்சியின் இரண்டாம் பாதிக்கு வரும்போது அவர் தொண்டை கட்டியிருக்கும். அவர் கத்திப் பாட வேண்டும் என்று நினைத்துப் பாடியதில்லை. தன் குரல் காதில் விழாதபோது மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911-இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதினார். இன்றும் அதற்கு லொம்பார் விளைவு என்றுதான் பெயர். மேடையில் தினமும் நடப்பது அதுதான். பாடுபவர் குரலை உயர்த்துவார், அதற்கு மேல் கேட்க கிடார் ஆம்பை ஏற்றுவார்கள், டிரம்மர் இன்னும் பலமாக அடிப்பார், பாடுபவர் இன்னும் உயர்த்துவார். கடைசியில் ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு வார்த்தையே புரியாது.

பாடகிக்கு என்று தனி மானிட்டர் மிக்ஸ் வந்த பிறகு அந்தக் கட்டிப்போன குரலை நான் கேட்கவில்லை. அவர் மெதுவாகப் பாடும் இடங்கள் மறுபடி மெதுவாக ஆயின. ஒரு பேண்டுக்கு மிக்சர் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எஃபெக்ட் நூறு இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

ஆக்ஸ் என்பது இந்த வேலைக்கான வழி. எல்லா சேனலிலிருந்தும் வேண்டிய அளவு எடுத்து, மெயின் ஸ்பீக்கருக்குப் போகும் மிக்ஸோடு சம்பந்தமில்லாமல் இன்னொரு மிக்ஸைச் செய்து, தனி அவுட்டில் அனுப்புவது. எத்தனை ஆக்ஸ் இருக்கிறதோ அத்தனை தனித்தனி மிக்ஸ். இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. ஆக்ஸ் ப்ரீ ஃபேடரா, போஸ்ட் ஃபேடரா என்று பார்க்க வேண்டும். ஃபேடர் என்பது சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் நெம்பு; அதற்கு முன்பே சிக்னலை எடுத்தால் ப்ரீ, பின்பு எடுத்தால் போஸ்ட். போஸ்ட் ஃபேடர் என்றால் சேனல் ஃபேடரை ஏற்றும்போது ஆக்ஸிலும் ஏறும். ரிவெர்ப் என்ற எதிரொலி எஃபெக்டுக்கு அதுதான் சரி, ஏனென்றால் குரலைக் குறைத்தால் அதன் ரிவெர்பும் குறைய வேண்டும். மானிட்டருக்கு அது ஆகாது. ஹாலுக்காகக் குரலை ஏற்றினால் மானிட்டரிலும் ஏறி ஊளையிடும். குறைத்தால் பாடுபவருக்குத் தன் குரல் காணாமல் போகும். மானிட்டருக்கு ப்ரீ ஃபேடர் வேண்டும்.

மலிவான சின்ன அனலாக் மிக்சர்களில் பெரும்பாலும் ஒரே ஒரு சென்ட்தான் இருக்கும், அதுவும் உள்ளே இருக்கும் எஃபெக்டுக்கான போஸ்ட் ஃபேடர் சென்ட். யமஹா எம்ஜி வரிசையைப் பார்த்தால் தெரியும்: எம்ஜி10எக்ஸ்யூவில் எஃபெக்டையும் சேர்த்து 1, எம்ஜி12எக்ஸ்யூவில் எஃபெக்டையும் சேர்த்து 2, எம்ஜி16எக்ஸ்யூவில் எஃபெக்டையும் சேர்த்து 4. அருமையாக உழைக்கும் மிக்சர்கள் அவை, குறை சொல்லவில்லை. ஆனால் ரிவெர்புக்கு ஒன்றை விட்டுவிட்டால், 12-இல் மானிட்டருக்கு மிஞ்சுவது ஒன்றுதான். டிஜிட்டல் பக்கம் வந்தால் எக்ஸ்ஆர் 12-இல் 2 ஆக்ஸ் அவுட், எக்ஸ்ஆர் 16-இல் 4, எக்ஸ்ஆர் 18-இல் 6. சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர்-இல் 8. இவற்றில் ரிவெர்ப் உள்ளேயே தனிப் பாதையில் ஓடுவதால் அது ஆக்ஸ் அவுட்டைத் தின்னாது. ஆறு என்றால் ஆறுமே மானிட்டருக்குத்தான்.

இரண்டாவதாக, அந்த அவுட் ஒவ்வொன்றிலும் ஈக்யூ, அதாவது ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி, உண்டா? இதை விற்பவரும் சொல்ல மாட்டார், வாங்குபவரும் கேட்க மாட்டார். சேனலில் இருக்கும் ஈக்யூ மைக்கின் ஒலித் தன்மையை மாற்றுவதற்கு. ஊளையோ மைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து உண்டாக்குவது. அதை அடக்க வேண்டிய இடம் அந்த மானிட்டருக்குப் போகும் அவுட். சின்ன அனலாக் மிக்சர்களில் ஆக்ஸ் அவுட்டுக்கு ஈக்யூ இருக்காது. வெளியே தனியாக ஒரு 31 பேண்ட் கிராஃபிக் ஈக்யூ (ஒலியை 31 அலைவரிசைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்குவது) வாங்கி மாட்ட வேண்டும். நான்கு மானிட்டருக்கு நான்கு சேனல் கிராஃபிக், அதற்கு ஒரு ராக், அதற்குக் கேபிள். காம்பாக்ட் என்ற பேச்சே போய்விடும். நான் சொன்ன டிஜிட்டல் மிக்சர்களில் ஒவ்வொரு அவுட்டுக்கும் இந்த 31 பேண்ட் உள்ளேயே இருக்கிறது. விலை குறைந்த டிஜிட்டல் மிக்சரை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

சவுண்ட் செக்கில் நான் செய்வது சுலபமானதுதான். பாடகியின் மைக்கைத் திறந்து வைத்து, அவருடைய மானிட்டரை மெல்ல ஏற்றிக்கொண்டே போவேன். ஏதோ ஒரு சுரத்தில் ரீங்காரம் எடுக்கும். எக்ஸ்ஆர் வரிசையில் ஈக்யூ திரையின் மேலேயே அலைவரிசை அளவி ஓடும், எங்கே கம்பம் போல் எழும்புகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த இடத்தை மூன்று, நான்கு டெசிபல் குறைப்பேன். மறுபடி ஏற்றுவேன், அடுத்த இடம் கிளம்பும், அதையும் குறைப்பேன். இப்படி மூன்று நான்கு இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வெட்டினால் குரல் செத்துப்போகும். அந்த நிலை வந்தால் மானிட்டரின் இடத்தை மாற்றுவதுதான் வழி. கார்டியாய்ட், அதாவது முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் எடுக்கும் மைக்கின் நேர் பின்புறம்தான் அதன் காது மந்தமாக இருக்கும் இடம், மானிட்டர் அங்கே இருக்கட்டும். சவுண்ட்கிராஃப்டின் யூஐ வரிசையில் டிபிஎக்ஸ் நிறுவனத்தின் ஃபீட்பேக் (ஊளை) அடக்கும் வசதி கூடவே வருகிறது. அவசரத்துக்கு நல்லது. ஆனாலும் கையால் ஒரு தடவை செய்து பழகியவருக்குத்தான் அது என்ன செய்கிறது என்று புரியும்.

"டிஜிட்டல் என்றால் தாமதம் வருமே" என்று ஒரு பயம் உண்டு. இந்த மிக்சர்களில் மைக்கிலிருந்து அவுட் வரை ஆகும் தாமதம் ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் அளவுதான். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். மானிட்டரை அரை மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். யாருக்கும் தெரியாது.

உண்மையான கவலை வைஃபை. எக்ஸ்ஆர் 18 மாதிரியான மிக்சரில் குமிழே கிடையாது என்று சொல்லலாம். ஒரு பெட்டி, முகப்பில் ஜாக்குகள், அவ்வளவுதான். எல்லாமே டேப்லட்டில். உள்ளேயே வைஃபை இருக்கிறது, ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஹால் காலியாக இருக்கும் மதியத்தில் அருமையாக வேலை செய்யும். சாயங்காலம் கூட்டம் வந்து, ஒவ்வொருவர் பையிலும் ஒரு ஃபோன் இருக்கும்போது டேப்லட் தடுமாறும். சவுண்ட் நிற்காது, மிக்சர் கடைசியாக எப்படி வைத்திருந்தோமோ அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் மட்டும் எதையும் மாற்ற முடியாது. பாட்டு நடுவில் ஊளை எடுத்தால் அது போதும் கெடுக்க. அதனால் மிக்சரோடு சேர்த்தே 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ஒரு சாதாரண ரூட்டரும் வாங்குங்கள். மிக்சரின் ஈதர்நெட் ஜாக்கிலிருந்து ரூட்டருக்கு ஒரு கேபிள். ரூட்டரை மேடையில் தரையில் போடாமல், தலைக்கு மேலே ஸ்டாண்டில் கட்டி வையுங்கள். மனித உடல் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். கடவுச்சொல் கட்டாயம் போடுங்கள். என்னைப் போல மிக்சருக்குப் பக்கத்திலேயே நிற்பவர் என்றால் லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளிலேயே இணைத்துவிடலாம், அதைவிட நிம்மதி வேறில்லை. டேப்லட் அதன் பிறகு ஹாலில் நடந்து போய்க் கேட்பதற்கு மட்டும்.

யூஐ வரிசைக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல குணம். ஆப் எதுவும் வேண்டாம். எந்த ஃபோனிலும் டேப்லட்டிலும் இருக்கும் பிரவுசர் போதும். டேப்லட் கீழே விழுந்து உடைந்தால் பக்கத்தில் நிற்பவரின் ஃபோனை வாங்கி அப்படியே தொடரலாம். யூஐ24ஆர்-இன் வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு.

ஃபோன் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மிக்சர்களில் ஒவ்வொரு கலைஞரும் தன் மானிட்டர் மிக்ஸைத் தன் ஃபோனிலிருந்தே சரிசெய்துகொள்ளலாம். பெரிங்கரில் அதற்கு எக்ஸ் ஏர் க்யூ என்று தனி ஆப், சவுண்ட்கிராஃப்டில் 'மோர் மீ' என்று ஒரு திரை, ஆலன் அண்ட் ஹீத்தின் சிக்யூ வரிசையில் சிக்யூ4யூ. எங்கள் மேடையில் சைகையால் "என்னை ஏத்து, அவரைக் குறை" என்று என்னிடம் கேட்பது அடியோடு நின்றுபோனது. வாசித்துக்கொண்டே மிக்ஸ் செய்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். டிரம்மர் ஒரு படி மேலே போய், தன் ஆக்ஸ் அவுட்டைச் சின்ன ஹெட்போன் ஆம்பில் போட்டு கேபிளோடு இயர்போன் வைத்துக்கொள்கிறார். அவர் எங்கேயும் நடக்கப்போவதில்லை, ஒயர்லெஸ் எதற்கு? மேடையில் ஒரு ஸ்பீக்கர் குறைந்தது, ஊளையிடும் வாய்ப்பும் குறைந்தது.

அடுத்தது ரெக்கார்டிங். இதைப் பலர் கூடுதல் வசதியாகப் பார்க்கிறார்கள். ஆனால் தானே மிக்ஸ் செய்யும் பேண்டுக்கு இதில் ஒரு பெரிய பயன் ஒளிந்திருக்கிறது. எக்ஸ்ஆர் 18-ஐ யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் 18 சேனலும் தனித்தனியாகப் பதிவாகும், அப்படியே 18 சேனலும் திரும்பி மிக்சருக்குள் வரும். ரிகர்சலில் எல்லா சேனலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குப் போய் ஸ்பீக்கரை நிறுத்தியதும், மைக்குக்குப் பதிலாக அந்தப் பதிவை ஒவ்வொரு சேனலிலும் ஓடவிடுங்கள். மேடையில் யாரும் இல்லை, ஆனால் பேண்ட் முழுதும் வாசிக்கிறது. நான் டேப்லட்டோடு ஹாலின் கடைசி வரிசை வரை நடந்து போய், குரல் எங்கே அமுங்குகிறது, என் பேஸ் எந்த மூலையில் குவிகிறது என்று நிதானமாகக் கேட்டு ஈக்யூவைச் சரிசெய்வேன். வாசிப்பவன் தன் பேண்டை முன்னால் போய்க் கேட்க இதைத் தவிர வேறு வழி இல்லை. மைக் நேரடியாகத் திறந்திருக்கும்போது வரும் ஊளை இதில் தெரியாது, அதற்குத் தனி சவுண்ட் செக் வேண்டும்தான். ஆனாலும் மிக்ஸில் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடும்.

யூஎஸ்பி என்று போட்டிருப்பதெல்லாம் இதைச் செய்யாது, கவனம். யமஹா எம்ஜிஎக்ஸ்யூ வரிசை யூஎஸ்பியில் அனுப்புவது இரண்டே சேனல், அதாவது கலந்து முடித்த ஸ்டீரியோ. எக்ஸ்ஆர் 12, எக்ஸ்ஆர் 16 இரண்டும் பென் டிரைவில் ஸ்டீரியோ பதிவு மட்டும் செய்யும். யூஐ24ஆர் லேப்டாப் இல்லாமலே பென் டிரைவில் 22 சேனலைத் தனித்தனியாக எழுதும். ஸூம் லைவ்ட்ராக் எல்-12 எஸ்டி கார்டில் 14 ட்ராக் எழுதும்.

அந்த எல்-12 பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மைக் ப்ரீஆம்ப் 8, ஒவ்வொன்றுக்கும் தனி மிக்ஸோடு 5 ஹெட்போன் அவுட், நிஜமான ஃபேடர்கள். டேப்லட்டே பிடிக்காதவர்களுக்கும், இயர்போன் வைத்து வாசிக்கும் பேண்டுக்கும், வீட்டில் ரிகர்சல் செய்து பதிவு செய்பவர்களுக்கும் இது அப்படிப் பொருந்தும். மானிட்டர் ஸ்பீக்கர் வைத்து ஊளையோடு மல்லுக்கட்டும் மேடைக்கு நான் இதை எடுக்க மாட்டேன், அவுட்டுகளில் கிராஃபிக் ஈக்யூ இல்லாத குறை அங்கே தெரியும்.

திரையும் வேண்டும், வைஃபை போனாலும் கையால் தொட்டு மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு 2023-இல் வந்த ஆலன் அண்ட் ஹீத் சிக்யூ-18டி. மைக் ப்ரீஆம்ப் 16, ஏழு அங்குலத் தொடுதிரை அதன் முகத்திலேயே இருக்கிறது. கெய்னை, அதாவது ப்ரீஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அளவை, தானே கேட்டுச் சரிசெய்யும் வசதியும் உண்டு. நான் சொன்னவற்றில் விலை கூடிய பக்கம் இது. மேடையில் புதிதாக ஒருவரைப் பொறுப்பில் உட்கார வைக்கும் பேண்டுக்கு அந்தக் கூடுதல் விலை நியாயம் என்றே நினைக்கிறேன்.

அனலாக் இனி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் பாடுகிறார்கள், ஒரு கிடார், இருவருக்கும் ஒரே மானிட்டர் போதும் என்றால் ஒரு சின்ன அனலாக் மிக்சரே சிறந்தது. போட்டவுடன் வேலை செய்யும், பேட்டரி தீராது, யார் வேண்டுமானாலும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். அப்படி வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: ப்ரீ ஃபேடர் ஆக்ஸ் ஒன்றாவது இருக்க வேண்டும், சேனலில் லோ கட் இருக்க வேண்டும், நடு அலைவரிசையை நகர்த்தும் ஈக்யூ இருந்தால் இன்னும் நல்லது. லோ கட் பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டும். கிக், பேஸ், கீபோர்ட் தவிர மற்ற எல்லா சேனலிலும் அதைப் போட்டுவிடுவேன். மேடையின் அதிர்வும் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடும்போது வரும் அந்த வீக்கமும் பாதி அங்கேயே போய்விடும்.

ப்ரீஆம்பின் தரம் பற்றி எவ்வளவோ பேசுவார்கள். இந்த அளவு மிக்சர்களில் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பக்கத்திலேயே டிரம்ஸ் அடிக்கும் மேடையில் இரு ப்ரீஆம்புகளின் இரைச்சல் வித்தியாசத்தை யாரும் கேட்கப்போவதில்லை. மைக்கை இரண்டு அங்குலம் நகர்த்தினால் கேட்கும். எஃபெக்டும் அப்படித்தான்; குரலுக்கு ஒரு நல்ல ரிவெர்ப், ஒரு டிலே, இரண்டு போதும், நான் சொன்னவற்றில் மேக்கி 1202 தவிர மற்ற எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன.

ஃபான்டம் பவரை, அதாவது மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் மின்சாரத்தை, மட்டும் கவனியுங்கள். கண்டென்சர் மைக்குக்கும் ஆக்டிவ் டிஐக்கும் 48 வோல்ட் வேண்டும். மலிவான அனலாக் மிக்சர்களில் எல்லா சேனலுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச் இருக்கும். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்கைச் சரியான எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள மைக்) கேபிளில் போட்டிருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் இருந்தால் எச்சரிக்கை தேவை. டிஜிட்டலில் பெரும்பாலும் சேனல் வாரியாகப் போடலாம். எதுவானாலும் மியூட் செய்துவிட்டே போடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் "டப்" என்று அடிக்கும்.

பழைய மிக்சர் வாங்குவது தவறே இல்லை. போகும்போது ஒரு மைக், ஒரு கேபிள், ஒரு ஹெட்போன் கையில் இருக்கட்டும். அதே மைக்கை ஒவ்வொரு சேனலிலும் செருகி, கெய்னை முழுதாகத் திருப்பி, ஃபேடரை ஏற்றி இறக்கிக் கேளுங்கள். கரகர சத்தம் தூசியால் என்றால் சுத்தம் செய்தால் போகும். ஒரு சேனல் மட்டும் மற்றதைவிட மந்தமாக இருந்தால் அந்த ப்ரீஆம்பில் கோளாறு. ஃபான்டம் பவர் எல்லா ஜாக்கிலும் வருகிறதா என்று கண்டென்சர் மைக்கால் பாருங்கள். பலர் விட்டுவிடுவது அவுட்டுகளை. ஒவ்வொரு ஆக்ஸ் அவுட்டிலும் சிக்னல் வருகிறதா என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் என்றால் ஆப் இன்றைய டேப்லட்டில் ஓடுகிறதா, ஈதர்நெட் ஜாக் ஆடாமல் பிடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அடாப்டர் தனியாக வரும் மிக்சர் என்றால் அதே மாதிரி இன்னொரு அடாப்டர் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். அடாப்டர் போனால் மிக்சரே போனதுபோல்தான்.

எங்கள் பேண்டுக்கு நான் எடுத்தது எக்ஸ்ஆர் 18. பத்து ப்ரீஆம்ப் தேவைக்கு 16 இருக்கிறது, ஐந்து பேருக்கு ஐந்து ஆக்ஸ் போக ஒன்று மிச்சம், அவுட்டெல்லாம் ஈக்யூ, 18 சேனல் பதிவு, முதுகுப் பையில் அடங்கும் அளவு. உங்கள் தாளில் மானிட்டர் மூன்று, மைக் எட்டு என்று வந்தால் எக்ஸ்ஆர் 16 போதும், மிச்சப் பணத்தில் நல்ல டிஐ பாக்ஸ் வாங்குங்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் மிக்சருக்கே கொடுத்துவிடாதீர்கள். ரூட்டர், டிஐ இரண்டு, மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எக்ஸ்எல்ஆர் கேபிள், அதற்கு மேல் உபரியாக இரண்டு கேபிள் என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் மிக்சரைத் தேடுங்கள். அந்த மீதிக்குள் ஆக்ஸ் எண்ணிக்கை அடங்கவில்லை என்றால், எண்ணிக்கை குறைந்த புதியதை எடுப்பதைவிட, எண்ணிக்கை சரியாக இருக்கும் பழையதையே நான் எடுப்பேன்.